யார் போட்ட தையல்

…அதத்தான் சொல்றேன், தண்ணிய. வரும், வராமப் போகாது. ஆனா வர்ற வேகம் இருக்கே… ஒரு டம்ளர் ரொம்பறதுக்குள்ள உங்க பேஷண்ட் வாயக் கொப்புளிக்காமலே வீடு போய்ச் சேந்துடுவாரு. பல் டாக்டர்ங்கறீங்க, உங்களுக்குத் தண்ணிதானே முக்கியம்? உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுல குண்டூசி கொட்டிக் கெடக்கு. இதுல உக்காருங்க. அவ இப்போதைக்கு வர மாட்டா. கண்ணாடிக் கதவு வழியாப் பாருங்க, நாற்காலில ஒரு ஆள வச்சிருக்கா. தலைக்குச் சாயம். பூசி, ஊற வச்சு, அலசி… முக்கா மணி நேரம் ஆகும். நான் பாட்டுக்கு இந்த பேண்ட்டுக்கு ஜிப்பு மாத்திக்கிட்டே பேசறேன், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கடைய அவ தூக்கிட்டுப் போயிட மாட்டா. ஒண்ணாம் தேதி வரைக்கும் இங்கதான் இருக்கா.

ஒண்ணாம் தேதி! பாத்தீங்களா அந்த நோட்டீஸ? 'கடை வாடகைக்கு.' திங்கக்கிழமை காலைல ஷட்டரத் தூக்கிட்டுத் திரும்பறேன், எதிர்ல ஒட்டியிருக்கு. பதினோரு வருஷம், டாக்டர். நடுவுல இந்த நடைபாதை, அந்தப் பக்கம் அவ பார்லர், இந்தப் பக்கம் என் தையக்கடை. அவ தும்மினா எனக்குக் கேக்கும். ஒரு வார்த்தை சொல்லணுமா வேணாமா? 'அக்கா, நான் காலி பண்றேன்'னு? மாடி ஏறி வர்றவன் போறவனுக்கெல்லாம் எழுதி ஒட்டுவாளாம், எனக்குச் சொல்ல மாட்டாளாம். நானும் மூக்குக் கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, கதவுகிட்டப் போய் நின்னு, எழுத்துக் கூட்டிப் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமாம்.

ஏன் காலி பண்றாளா? எனக்கென்ன தெரியும். வியாபாரம் இல்லையாம். முன்ன மாதிரி ஆள் வர்றதில்லையாம். அவ சொல்லலை, கீழ டீக்கடைல பேசிக்கிட்டாங்க. ஆள் ஏன் வரும்ங்கறேன்? வேலை சுத்தமா இருந்தா வரும்…

பாக்கறீங்க. என் தலையத்தானே பாக்கறீங்க? பரவால்ல, எல்லாரும் பாப்பாங்க. நான் எல்லாருக்கும் காட்டிட்டேன், உங்களுக்கென்ன. நீங்க வேற டாக்டர். இருங்க, இந்தத் துணிய அவுக்கறேன்… ம். பாருங்க. உச்சில நாலு விரக்கடை முடி இருக்கு, ஆம்பளப் பசங்க கிராப்பு மாதிரி. பின்னால பரவால்ல. இங்க வாங்க, காதுக்கு மேல, இந்த ஓரம். அந்த ஓரம். பாத்தீங்களா? கைய வச்சா வழவழன்னு இருக்கு. கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனாலும் வைப்பேன். இதெல்லாம் அவ தைச்ச சவுரியால வந்தது. தைச்ச சவுரி. கேள்விப்பட்டிருக்கீங்களா? அவ பாஷைல வீவிங்.

அது என்னன்னா… நம்ம முடிய மொதல்ல மண்டையோட ஒட்டிச் சின்னச் சின்னப் பின்னலா வரிசை வரிசையாப் பின்னிடுவா. அது அஸ்திவாரம். வாங்கின முடி இருக்கில்ல, அது ஒரு நாடால தைச்சு நீளமா வரும். திரைச்சீலை ஓரத்துக்குக் குஞ்சம் வச்ச நாடா தைப்போமே, அதேதான். அந்த நாடாவ எடுத்து, வளைஞ்ச ஊசியால, நம்ம பின்னலோட சேத்து ஒவ்வொரு வரிசையாத் தைப்பா. முடிஞ்சு எழுந்திரிச்சா இடுப்பு வரைக்கும் முடி. நம்ம முடி உள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். யாருக்கும் தெரியாது.

எனக்கு இதெல்லாம் தேவையா? அம்பத்து நாலு வயசு. நீங்க கேக்கலை, ஆனா மனசுல கேட்டீங்க. சொல்றேன். என் நாத்தனாருக்கு அறுபது வயசு. அவ முடிய நீங்க பாக்கணும். கெணத்துக் கயிறு தோத்துப் போகும். அவ ஒரு நாள் வீட்டுக்கு வந்தா, வந்தவ செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி என் தலையப் பாத்துட்டு, "என்னடி, முடியெல்லாம் எங்க கொண்டு போய் வச்சிருக்க?"ன்னா. எப்படி? ஏதோ நான் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு சாவியத் தொலைச்ச மாதிரி. அடுத்த மாசம் அவ பொண்ணுக்குக் கல்யாணம். நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். வர்றேன்டி, உன் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றேன்னு.

என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவருக்கு முப்பத்தஞ்சு வயசுலயே மண்டை வெளிச்சமாயிடுச்சு. "எதுக்கு இந்தச் செலவு, எனக்கு இல்லையா, நான் நல்லா இல்லையா?"ன்னாரு. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலை. முப்பது வருஷமா சொல்லாம வச்சிருக்கேன்.

ஆ, இந்த ஜிப்பு பல்லு மாட்டிக்கிச்சு… உங்க தொழில்தான் எனக்கும், பாத்தீங்களா? பல்லு உக்காந்தாதான் ஓடும்.

அவகிட்டப் போனேன். நாலரை மணி நேரம் உக்காத்தி வச்சா. பின்னிட்டு, தைக்க ஆரம்பிச்சா. எனக்கு எதிர்ல பெரிய கண்ணாடி, பின்னால அவ கை தெரியுது. தையல்காரிய உக்கார வச்சு அவ தலைலயே தைச்சா எப்படி இருக்கும் சொல்லுங்க? உங்க வாய்ல இன்னொருத்தர் பல்லுப் பிடுங்கினா நீங்க சும்மா இருப்பீங்களா? நானும் எவ்வளவு நேரம்தான் வாய மூடிக்கிட்டு இருக்கறது. "ஏண்டி, ஓட்டுத்தையலா போடற?"ன்னேன். "கெட்டித்தையல் போடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு போடு, நூல இழுத்துப் பிடி"ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "துணி வளராதுக்கா. தலை வளரும்"னா.

எப்படி ஒரு திமிரு! நான் முப்பத்திரெண்டு வருஷமாத் தைக்கறேன். என் தையல் பிரிஞ்சு வந்துச்சுன்னு ஒருத்தர் இந்தப் படி ஏறினதில்ல. துணி கிழியும், தையல் கிழியாது. எனக்குச் சொல்றா. "லூசாத்தான் இருக்கணும், மண்டைக்கு இழுப்பு தெரியக் கூடாது. எட்டாவது வாரம் வாங்க, பிரிச்சு எடுத்துடறேன்"னா.

கல்யாணத்துக்குப் போனேன். நாத்தனார் என்னப் பாத்தா. பாத்துட்டு, திரும்பிக்கிட்டா. மறுபடி பாத்தா. சாப்பாட்டுப் பந்தில பக்கத்துல வந்து உக்காந்து, என் முதுகுப் பக்கமா கைய விட்டு ஒரு இழு இழுத்தா பாருங்க! வரும்னு பாத்திருக்கா. வரலை. அவ மூஞ்சி போன போக்க… டாக்டர், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே எல்லாம் தகும்னு தோணிச்சு எனக்கு.

வீட்டுக்கு வந்தா இவரு, என் வீட்டுக்காரர், சமையக்கட்டுப் பக்கம் வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. "யாரோ வந்திருக்காங்களோன்னு நெனச்சேன்"னாரு. சொல்லிட்டு, போகலை. நின்னாரு. அவரு அப்படி நின்னு எத்தனை வருஷம் ஆச்சுன்னு… சரி, அதெல்லாம் எதுக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், தையல். ஆறாவது வாரம். பின் கழுத்துப் பக்கம் ஒரு வரிசை எறங்கிடுச்சு. தொளதொளன்னு தொங்குது. அவ போட்ட லட்சணம்! நான் சொன்னது நடந்துதா இல்லையா? ஓட்டுத்தையல் எவ்வளவு நாளைக்கு நிக்கும்?

என்ன கேட்டீங்க? …ஆமா, முடி வளந்தா எறங்கத்தான் செய்யும். அதத்தான் அவளும் சொல்லியிருந்தா. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, பல்லுக்குக் கம்பி கட்டறதும் அப்படித்தானா? இறுக்கமும் வேணும், நாளும் தாண்டக் கூடாது. சரி சரி. நீங்களும் அவ கட்சி.

அப்புறமா? அப்புறம் என்ன… சரி பண்ணியாச்சு. எறங்கின வரிசைய ஏத்தியாச்சு.

யாரா? யார்னா… டாக்டர், ஒரு தையல்காரி தன் தலைல தையல் பிரிஞ்சா இன்னொருத்திகிட்டப் போயி நிப்பாளா? எதிர்ல இருக்கா, பத்து எட்டு, நான் இல்லைங்கல. ஆனா போனா அவ என்ன பண்ணுவா? "எட்டாவது வாரத்துக்குக் கொஞ்சந்தானேக்கா இருக்கு, பிரிச்சே எடுத்துடலாம்"பா. எடுத்துட்டா? மறுபடி பழைய எலிவாலு. இவரும் மறுபடி பேப்பர் படிக்கப் போயிடுவாரு.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை இங்கயே, கடைய உள்பக்கமாப் பூட்டிக்கிட்டு, ட்ரையல் ரூம் கண்ணாடிக்கு முதுகக் காட்டி, கைல இன்னொரு கண்ணாடிய வச்சுக்கிட்டு… சோபா தைக்கற வளைஞ்ச ஊசி எங்கிட்டயே இருக்கே. போட்டேன் கெட்டித்தையல். இழுத்துப் பிடிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணுக்கு முடிச்சு. ஒரு வரிசைதான் எறங்கியிருந்துது. ஆனா ஊசி கைல இருக்கும்போது அவ போட்ட மத்த வரிசையெல்லாம் கண்ணுக்குப் பட்டுது. பக்கத்துல ஒரு நல்ல தையலப் போட்டுட்டு, இந்தத் தொங்கல விட்டு வைக்க மனசு வருமா? எல்லாத்தையும் ஒரு தடவ ஓட்டிட்டேன்.

வலியா? கேட்டீங்களே! கண்ணு ரெண்டும் மேல ஏறிடுச்சு. புருவம் நெத்தில நிக்குது. நெத்திச் சுருக்கம் போயி, கன்னத்துத் தொங்கல் போயி… மறுநாள் துணி குடுக்க வந்த டீச்சர், "என்ன அக்கா, பத்து வயசு கொறஞ்சு போச்சு உங்களுக்கு"ங்கறா! இழுப்புல கொறஞ்சதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும். நானும் சிரிச்சேன். சிரிக்கவும் முடியலை, வாய் அவ்வளவுதான் போச்சு. ராத்திரி தலையணைல தலை வைக்க முடியாது, செவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்குவேன். அரிப்பு வந்தா? விரல் உள்ள போகாது. அளவு போடற பென்சில விட்டுச் சொறிவேன். ஒரு நாள் பென்சில் முனை உடைஞ்சு உள்ளயே தங்கிடுச்சு. மூணு நாள் தேடினேன்.

அப்புறம் எட்டு வாரம் ஆச்சு. அவ அந்தப் பக்கத்துலேருந்து சைகை காட்டினா, 'வாங்க'ன்னு. நான் இந்தப் பக்கத்துலேருந்து தையலக் காட்டினேன், 'வேலை'ன்னு. பத்து வாரம். பன்னெண்டு வாரம்… ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் மறுபடி ஒரு ஓட்டு. மொத்தம் ஒரு மூணு மாசம் இருந்திருக்கும்.

…நாலு.

இப்படிப் பாக்காதீங்க, பல்ல எண்றது மாதிரி. அஞ்சு மாசம். போதுமா?

நடுவுல கறுப்பு நூல் தீந்து போச்சு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன். கைக்கெட்டினது கருநீலப் பட்டன் நூல். முடிக்குள்ள கறுப்பென்ன, கருநீலமென்ன? பட்டன் நூல்னா தெரியுமில்ல, பல்லால கடிச்சா பல்லு போகும். உங்களுக்குத்தான் லாபம். அது முடிய அறுக்கும்னு எனக்குத் தோணலை. துணிய அது அறுத்ததில்லையே.

அஞ்சாவது மாசக் கடைசில ஒரு நாள் குளிச்சேன். காயவே மாட்டேங்குது. சீப்ப உள்ள விட்டா போன எடத்துலயே நிக்குது. ஒரு மாதிரி வாடை வேற. காதுக்கு மேல சின்னச் சின்னக் கொப்புளம். தொட்டா கண்ணுல தண்ணி வருது. இவரு பக்கத்துல வரல. பயந்துட்டேன். எழுந்திரிச்சு நேரா அவ கடைக்குள்ள போயிட்டேன். யார் இருக்கா, யார் இல்லன்னு பாக்கலை. உள்ள நாலு பேரு. சோபால ரெண்டு, நாற்காலில ஒண்ணு, முகத்துல ஏதோ அப்பிக்கிட்டுக் கண்ண மூடினபடி ஒண்ணு.

அவ என்ன நாற்காலில உக்கார வச்சு, முடியத் தூக்கிப் பாத்தா. ஒரு வரிசை பாத்தா. ரெண்டாவது வரிசை பாத்தா. குனிஞ்சு, ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. "இது என் தையல் இல்லக்கா"ன்னா.

டாக்டர், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு தையலப் பாத்தா அது யார் போட்டதுன்னு தெரியும். கையெழுத்து மாதிரிதான். ஊசி எந்தப் பக்கம் சாயும், முடிச்சு எந்தப் பக்கம் விழும், நூல எங்க கடிச்சிருக்கு… என் கடைல ரெண்டு பொண்ணுங்க வேலை பாத்தாங்க முன்ன. இருட்டுல தடவிச் சொல்வேன், இது யாருதுன்னு. அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னும் எனக்குத் தெரியும்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஆமாடி, என்னுதுதான், எப்படியாவது காப்பாத்து"ன்னு சொல்லியிருக்கணும். நாலு பேரு நிமிந்து பாக்கறாங்க. ஊர்ல பேரெடுத்த தையல்காரி, தன் தலையத் தானே தைச்சுக் கெடுத்துக்கிட்டான்னா… வாய் முந்திக்கிச்சு. "பின்ன யார் தையல்?"னு கத்தினேன். "உங்கிட்ட வந்துதானே தைச்சேன்? உங்கிட்டத் தலையக் குடுத்ததுக்கு எனக்கு வேணும்"னு. முகத்துல அப்பிக்கிட்டு இருந்தவ கூடக் கண்ணத் தொறந்துட்டா.

அவ சின்னக் கத்திரிய எடுத்தா. மூணு மணி நேரம், டாக்டர். ஒவ்வொரு முடிச்சாத் தேடி, நூல மட்டும் வெட்டி, முடிய விட்டு… வெட்ட முடியாத எடத்துல முடியோட வெட்டி. நாலு பேரும் ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க, என்னப் பாத்து 'ச்சு' கொட்டிட்டு, அவள ஒரு பார்வை பாத்துட்டு. கடைசில அவ கீழ குனிஞ்சு எதையோ பொறுக்கினா. ஒரு காகிதத்துல வச்சு நாலா மடிச்சு என் கைல குடுத்தா. "உங்க நூலுக்கா"ன்னா.

பிரிச்சுப் பாத்தேன். அத்தனையும் கருநீலம். இந்த மாடில யாருகிட்ட இருக்கு கருநீலப் பட்டன் நூல்? அத எடுத்து அந்த நாலு பேருக்கு முன்னால நீட்டியிருந்தா போதும். ஒரு வார்த்தை வேண்டியதில்ல. அவங்க இருந்த வரைக்கும் கால வச்சு மறைச்சிருக்கா. அவங்க போனப்புறந்தான் குனிஞ்சிருக்கா.

தோல் டாக்டர்கிட்டப் போனேன். விளக்கப் பிடிச்சுப் பாத்துட்டு, "இழுப்புல போனதும்மா. உச்சில வந்துடும், பின்னால வந்துடும்"னாரு. இந்த ரெண்டு ஓரம்? "பாக்கலாம்"னாரு. நீங்கல்லாம் 'பாக்கலாம்'னா அது என்ன அர்த்தம், டாக்டர்? …நீங்களும் அப்படித்தான் சிரிப்பீங்களா பேஷண்ட்டுகிட்ட?

ஆறு மாசமாகுது. சொட்டு மருந்து ரெண்டு வேளை. சீப்பு ஒண்ணு, ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல ஒரு விரல் போகும். தலையணைக்கு வழுக்கற துணில உறை, நானே தைச்சேன். மொத ராத்திரி தூங்கி எழுந்தா தலை தலையணைல இல்ல, கட்டில விட்டு வழுக்கிட்டுப் போயிடுச்சு. இறுக்கிக் கட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. 'சும்மா விடுங்க'ங்கறாங்க. நான் எதையாவது சும்மா விட்டிருக்கேனா? இவருக்கு ஒரே குஷி. குளிச்சுட்டு வந்தா துண்ட நீட்டறாரு, "தேய்க்காத, ஒத்தி எடு, எனக்கு இருபது வருஷப் பழக்கம்"ங்கறாரு. வெயில்ல போகும்போது தொப்பி எந்தக் கடைல வாங்கணும்னு பாடம் நடத்தறாரு. கண்ணாடி முன்னால ரெண்டு பேரும் நின்னா, "இப்பத்தான் ஜோடிப் பொருத்தம்"ங்கறாரு. சொல்லிட்டு, என் பக்கத்துலயே நிக்கறாரு. நீளமுடி இல்லாமலும் நிப்பாருன்னு எனக்கு யாரு சொன்னா?

அத விடுங்க. நாலு பேரு கேட்டாங்கன்னு சொன்னேனில்ல, அந்த நாலு பேரு நாப்பது பேருகிட்டச் சொல்லியிருக்காங்க. துணி குடுக்க வர்றவங்கல்லாம், "அக்கா, தலைல என்ன துணி?"ங்கறாங்க. கேட்டா பதில் சொல்லணுமில்ல. "அதோ, எதிர்ல, அவ கைவேலை"ங்கறது. மொதல்ல மெஷினப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். பத்தாவது தடவைக்குச் சரளமா வந்துடுச்சு. பொய்ன்னு சொல்ல முடியாது, டாக்டர். ஆரம்பிச்சது அவதானே? …பாதி. சரி, கால்வாசி.

அவங்க நடைபாதைல நின்னு அந்தக் கதவப் பாப்பாங்க, என் தலையப் பாப்பாங்க, படி எறங்கிப் போயிடுவாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேனே தினமும், அவ கடைக்கு எதிர்ல வச்ச பலகை மாதிரி.

இன்னொண்ணு கேளுங்க. ஒண்ணு விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து அவ இங்க வருவா. கத்திரி, சீப்பு, ஒரு சின்ன பாட்டில். இதோ இந்த ட்ரையல் ரூம் திரைய இழுத்து விட்டுட்டு, "தலையக் குனிங்கக்கா"ம்பா. நுனி வெடிச்சது எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பாத்து வெட்டுவா. எண்ணெய விரல் நுனில தொட்டு வைப்பா. அழுத்த மாட்டா. என் தலைய நானே தொட்டா நோவுது, அவ தொட்டா நோவல. வேற ஒரு பேச்சு கிடையாது. ரெண்டு வாரம் முன்னாடி இடது ஓரத்துல மூஞ்சிய கிட்டக் கொண்டு வந்து பாத்துட்டு, "நாலு வந்திருக்குக்கா"ன்னா. பூனை முடி. எனக்குத் தெரியலை, இவருக்குத் தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சுது.

நேத்து செவ்வாய்க்கிழமை. வந்தா. நோட்டீஸ் ஒட்டினதுக்கு மறுநாள். நான் கேக்கலை. அவளும் சொல்லலை. தலையக் குனிஞ்சேன், வெட்டினா, போனா. அவ அடுத்து வர வேண்டிய செவ்வாய் ஒண்ணாம் தேதி தாண்டி வருது. நான் நாள்காட்டியப் பாத்துட்டேன்.

அதனாலதான்… இல்ல, ஒண்ணுமில்ல. சரி, சொல்றேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க கடையப் பாக்க. ஒருத்தரு செல்போன் ரிப்பேர். அவர்கிட்டச் செவரு ஓதம்னேன். இன்னொரு அம்மா பொம்மைக் கடை. அவங்ககிட்ட எலின்னேன். உங்களுக்குத் தண்ணி. தண்ணி நல்லாத்தான் வரும், டாக்டர். குழாயத் தொறந்தா மேல தெறிக்கும். ஆள் கெடைக்கலைன்னா இந்தக் கட்டட ஓனரு அவள இன்னும் ரெண்டு மாசம் இருக்கச் சொல்வாருன்னு ஒரு கணக்கு. ரெண்டு மாசத்துல நான் ஏதாவது…

சொல்லிட்டீங்களான்னு கேக்கறீங்க. யாருகிட்ட? அவகிட்டயா? தெரிஞ்சவகிட்டப் போயி என்னத்தச் சொல்றது?

…அவகிட்ட இல்லையா. ஊருகிட்டயா.

ம்.

நீங்க பேசாம இருந்தபோதே நல்லா இருந்துது.

அலசறா பாருங்க. முடிஞ்சுடுச்சு. எழுந்திரிச்சுட்டீங்க? நாற்காலில இருக்கற அந்தம்மா யாருன்னு நெனச்சீங்க? அன்னிக்கு முகத்துல அப்பிக்கிட்டு இருந்தவங்க. அவங்க ஒருத்தங்கதான் இன்னும் வர்றாங்க, வேற கடை தூரம்னு. அவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள ஊருக்குத் தெரியும். வாய் அப்படி. அதுல எனக்கே அக்கா.

இருங்க, நீங்க போயி என்ன சொல்வீங்க அவகிட்ட? கடை வேணாம்னா? ஏன்னு கேப்பாளே. "எதிர்க்கடை அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க"ம்பீங்க. அய்யய்யோ. நீங்க டாக்டரு, எடுத்த எடுப்புல அஞ்சு மாசம்னு போட்டு உடைச்சுடுவீங்க. இதெல்லாம் ஒரு மொறையா, கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லணும், நான் உங்களுக்குச் சொன்ன மாதிரி. நானே வர்றேன். ஒரு நிமிஷம், இந்த ஊசிய எங்கயாவது குத்தி வச்சுட்டு… ம். வாங்க. நீங்க முன்னால போங்க, டாக்டர்.

டாக்டர்?

…அட. படி எறங்கிப் போயிட்டாங்களே. செருப்புச் சத்தம் கூடக் கேக்கலை.

போகட்டும். அப்ப இனி யாரும் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. உக்காந்து ஜிப்ப முடிக்கலாம்.

…

என்னடி, கதவு இவ்வளவு இறுகியிருக்கு, எண்ணெய் போடறதில்லையா? இல்ல, ஒண்ணும் இல்ல, நீ வேலையப் பாரு. உன்கிட்டப் பேச வரலை. இந்தம்மாகிட்ட. ஏங்க, நல்லா இருக்கீங்களா? சாயம் நல்லாப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு, ஆறு மாசம் முன்னாடி, நான் இங்க வந்து கத்தினேனே, நீங்க கூடக் கண்ணத் தொறந்து பாத்தீங்களே… அந்தத் தையல். என் தலைல இருந்த தையல். அது இவ போட்டதில்லைங்க. அது… நான் போட்டது.

என்ன? கேக்கலையா? நீ துண்ட எடுடி அவங்க காதுலேருந்து. நீ ஏன் இப்படிப் பாக்கற, எடுடி.

நான் போட்டதுன்னேன்ங்க! நானே, என் கையால!